இந்தக் கோபம் யாருக்கு உரியது?



முன்னெல்லாம் அறிவு புகட்டுவோரைத் தேடி நாம் நடந்தோம். இன்று அவர்கள் நம் படுக்கையறை வரை வந்துவிடுகின்றனர். கைப்பேசியைத் தலையணையோரம் சாய்த்து வைத்தால் போதும். கணக்கோ, சமையலோ, தையலோ, எதுவாயினும் கற்றுத்தர ஒருவர் முகங்காட்டிப் பேசத் தொடங்குவார். இவர்களுள் ஒரு வகையினரைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணுகிறேன். குழந்தைப் பருவத்தில் அடியும் இகழ்ச்சியும் புறக்கணிப்பும் பட்டு வளர்ந்தோர், முதிர்ந்த பின்னும் அக்காயத்தை உள்ளே சுமக்கின்றனர் என்பதை எடுத்துரைத்து, அதினின்று மீளும் வழியைப் பாடமாக நடத்துவோர் இவர்கள். சிலர் முறையாகக் கற்றுப் பட்டம் பெற்ற உளவியல் வல்லுநர். சிலர் தாமே காயமுற்று மீண்டு, தாம் கண்டதைச் சொல்வோர். சிலர் இவ்விரண்டும் அல்லர்.

இவர்கள் கற்பிக்கும் பொருள் வெறுங்கற்பனையன்று. அமெரிக்க மனநல மருத்துவரான ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில், போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்க்கு நேர்ந்த உள்ளக் காயமும், வீட்டுச் சுவர்களுக்குள் நெடுநாள் வதைபட்ட பெண்ணுக்கும் குழந்தைக்கும் நேர்ந்த காயமும் ஓரினத்தவை என்று எடுத்துக்காட்டினார். ஃபெலிட்டி, ஆண்டா என்னும் மருத்துவர்கள் தம் துணைவரோடு கலிஃபோர்னியாவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அவர்தம் இளமைக் காலத்தைக் கேட்டறிந்தனர். இளமையில் துன்பம் மிகுந்தோர்க்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் மட்டுமின்றி, இதயநோயுங்கூட மிகுதி என 1998-இல் வெளியிட்டனர். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், நெடுங்கால வதையால் விளையும் இம்மனக்காயத்துக்குத் தனியிடமே தந்துள்ளது.

இவையெல்லாம் மேனாட்டுச் செய்திகள் என்று சொல்லிவிடவும் இயலாது. நம் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மூவரில் இருவர் உடலில் அடியும் உதையும் பட்டிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு உள்ளாகியிருந்தனர். 'அடியாத மாடு படியாது' என்பதைப் பிள்ளைகளுக்கும் பொருத்தி வளர்த்த தலைமுறை நம்முடையது. ஆகவே இத்தகைய பாடங்களைக் கேட்டு, "இது என் கதையன்றோ!" என்று நம் இல்லங்களில் ஒருவர் திடுக்கிட்டு எழுவாராயின், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெயரில்லாதிருந்த வலிக்குப் பெயர் கிடைப்பதே ஓர் ஆறுதல்.

ஆனால் பெயர் கிடைத்த பின்னர் வேறொன்று நிகழ்கிறது. அதைப் பற்றி ஒரு சகோதரி எனக்கு எழுதியுள்ளார். ஊரையும் பெயரையும் மறைத்து, மற்றவற்றைச் சொல்லலாமென்று அவரே இசைந்திருக்கிறார்.

நாற்பதை நெருங்கும் வயது, பள்ளியாசிரியை, இரு பிள்ளைகளுக்குத் தாய். தந்தை இடைவாரைக் கழற்றி அடிப்பவர். தாயோ அடுக்களை வாயிலில் நின்று பார்த்திருப்பார். எல்லாம் முடிந்தபின் மகளிடம் வந்து, "அழுதது போதும், எழுந்து முகத்தைக் கழுவு" என்பார். அவ்வளவே. இச்சகோதரி ஒருநாள் தற்செயலாக ஒரு பெண் ஆசானின் காணொளியைக் கண்டார். அன்றிரவு முழுதும் அழுதார். அதன்பின் எட்டு மாதங்கள், இரவுதோறும் அக்குரலைக் கேட்டபின்னரே உறங்கினார். "என்னைப் பெற்றவள் பேசியிருக்க வேண்டிய மொழியில் அவர் பேசினார், சாமி" என்று எழுதுகிறார்.

பின்னர் ஓரிரவு, அந்த ஆசான் வேறு யாருடைய கேள்விக்கோ மறுமொழி கூறும்போது சற்றே சிரித்து, "சிலர் பழைய புண்ணைத் தடவிக்கொண்டே இருக்கிறார்கள், போதும், எழுந்து வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு வாக்கியம். நம் சகோதரிக்குக் கை நடுங்கியது. மூன்று நாள் உறக்கமில்லை. வகுப்பில் எரிந்து விழுந்தார். பாலைக் கொட்டிவிட்ட மகளைத் தாறுமாறாகத் திட்டினார். நள்ளிரவு ஒரு மணிக்கு அந்த ஆசானுக்குச் சினம் பொங்க நீண்ட மடல் எழுதி அனுப்பினார். மறுமொழி வரவில்லை, அம்மௌனம் அச்சொல்லைவிடக் கொடிதாயிற்று. "நேரில் பார்த்தறியாத ஒருத்தியின் சொல் என்னை இப்படி ஆட்டுவிப்பது ஏன்? எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா? இனி அவர் பேசுவதைக் கேட்கலாமா, கூடாதா?" இவையே அவருடைய கேள்விகள்.

பித்து இல்லை, சகோதரி. 1956-ஆம் ஆண்டிலேயே, தொலைக்காட்சி அமெரிக்க இல்லங்களுக்குப் புதிதாக வந்திருந்த காலத்தில், ஹோர்ட்டன், வோல் என்னும் இரு ஆய்வாளர் இதைக் குறித்து எழுதினர். திரையில் பேசுபவர் ஒளிப்படக் கருவியை நேராக நோக்கி, ஒருவரிடமே உரையாடுவது போலப் பேசுகிறார். பார்ப்பவர்க்கு நாளடைவில் அவர் நண்பரே ஆகிவிடுகிறார். ஆயின் இந்த நட்பு ஒருபக்கமாகவே ஓடுகிறது என்றனர். அவர்கள் எடுத்துக்கொண்டது வேடிக்கை நிகழ்ச்சிகளை நடத்துவோரை. வேடிக்கை காட்டுபவரிடமே இத்தனை நெருக்கம் தோன்றுமாயின், உங்கள் காயத்தைத் தொட்டு, "அது உன் குற்றமன்று" என்று சொல்லும் ஒருவரிடம் எவ்வளவு தோன்றும்! போதாக்குறைக்கு, நாம் எதை நெடுநேரம் பார்க்கிறோமோ அதையே மேலும் மேலும் கொணர்ந்து கொட்டும் பொறியொன்றும் பின்னே இயங்குகிறது. 2012-இல் யூடியூப் நிறுவனம் அடுத்த காணொளியைப் பரிந்துரைப்பதில் பார்க்கும் நேரத்தின் அளவுக்கு முதன்மை தரத் தொடங்கியது. நள்ளிரவில் அழுதுகொண்டே பார்ப்பவர்க்கு மறுநாள் நள்ளிரவிலும் அழுவதற்கு வேண்டியது காத்திருக்கும்.

எனினும் நெருக்கத்துக்கு இது காரணமாகலாமேயன்றி, அந்த நடுக்கத்துக்குக் காரணம் வேறு. சகோதரியின் மடலை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதற்பக்கத்தில் தாய் சொன்ன சொல்லும், மூன்றாம் பக்கத்தில் ஆசான் சொன்ன சொல்லும் ஏறக்குறைய ஒன்றே. போதும், எழுந்திரு. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. காதில் விழுந்தது இன்றைய குரல். அதைக் கேட்டு நடுங்கியதோ, அடுக்களை வாயிலைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடந்த ஒன்பது வயதுக் குழந்தை.

மருத்துவத் துறையில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. வியன்னா நகரில் சிக்மண்ட் ஃப்ராய்டிடம் 1900-ஆம் ஆண்டு இறுதியில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியை அவள் தந்தை அழைத்து வந்தார். ஃப்ராய்டு தம் எழுத்தில் அவளுக்கு டோரா எனப் புனைபெயர் இட்டார். குடும்ப நண்பர் ஒருவர் அவளிடம் தகாதபடி நடந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதைத் தந்தை நம்பவில்லை. சில வாரங்களே சிகிச்சை நடந்தது. திசம்பர் 31 அன்று, "இதுவே கடைசி நாள்" என்று அறிவித்துவிட்டு அவள் போய்விட்டாள். 1905-இல் வெளியிட்ட விவரணையில், அவள் தன் வாழ்வில் வந்த பழைய ஆடவர்மேல் இருந்த உணர்ச்சிகளைத் தம்மேல் பெயர்த்து வைத்திருந்ததைத் தாம் காலத்தில் கண்டுகொள்ளவில்லை என்று ஃப்ராய்டே எழுதினார். ஒருவர்க்குரிய அன்பையும் வெறுப்பையும் இன்னொருவர்மேல் ஏற்றிவைக்கும் இவ்வியல்பை, ஃப்ராய்டின் பிற கொள்கைகளை ஒதுக்கிய மருத்துவர் பலரும் இன்றளவும் ஏற்கின்றனர்.

ஆனால் டோராவின் கதையை இத்தோடு நிறுத்துவது நேர்மையாகாது. நிகழ்ந்ததை ஃப்ராய்டு நம்பினார். ஆயினும் அந்த மனிதர்மேல் அவளுக்கு உள்ளூரக் காதல் இருந்ததென்று அவளிடமே வலியுறுத்திக்கொண்டிருந்தார். நம்பப்படாத ஒரு பெண், தன்னை மீண்டும் புரிந்துகொள்ளாத ஒருவரை விட்டு வெளியேறினாள். அவள் கோபத்தில் பழைய கோபமும் இருந்தது, அவருக்கே உரிய கோபமும் இருந்தது. பின்னாளில் இவ்விரண்டாவதைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். "உன் கோபமெல்லாம் பழைய கோபம்" என்று சொல்லி வாயடைப்பது, ஆசான்மார்க்கு மிக எளிதான தப்பும் வழி. காயமுற்றவர் சொல்லும் நியாயமான குறையும் அந்தக் கதவிடுக்கில் சிக்கி நசுங்கிப் போகும்.

ஆதலின் சகோதரிக்கு நான் சொல்வது: உங்கள் கோபத்தைப் பங்கிடுங்கள். அந்த ஆசான், துயரோடு கேட்டவரைப் பார்த்துச் சிரித்துப் பேசியது பொருந்தாத செயல். அதற்குரிய பங்கு அவருக்கே. ஒருவரி எழுதி, "நீங்கள் சொன்ன முறை என்னைப் புண்படுத்தியது" எனலாம், அல்லது வாளாவிருக்கலாம். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு மூன்று நாள் உறக்கம் போகுமாயின், மிகுதியான பங்கு வேறெங்கோ சேரவேண்டியது. அலை எழும் அந்தக் கணத்தில், "இப்போது எனக்கு வயதென்ன?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 'நாற்பது' என்று உள்ளம் சொல்லுமாயின் அது இன்றைய கோபம். 'ஒன்பது' என்று சொல்லுமாயின் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, எழுந்து விளக்கைப் போட்டு, கால் தரையில் படுவதையும், இது தந்தையின் வீடன்று, உங்கள் வீடு என்பதையும் உணருங்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு எழுதியதை மறுநாள் பகலில் படிக்கும்வரை எவர்க்கும் அனுப்பாதிருப்பது நலம். எரிச்சல் தணியாதபோது அருகில் நிற்கும் பிள்ளைமேல் அது பாயும் என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். பால் கொட்டியதற்காக மகளிடம் பொறுத்தருளக் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தாய் உங்களிடம் ஒருபோதும் செய்யாததை அன்று நீங்கள் செய்தீர்கள்.

கோபத்தைச் சொன்னேன், மிதமிஞ்சிய பற்றும் இதே ஊற்றிலிருந்து பிறப்பதே. எட்டு மாதம் குரல் கேட்டு உறங்கியதும் அத்தகையதே. அதை நான் குறைகூறவில்லை. தாகத்தில் இருப்பவர் தண்ணீரைக் கண்டு ஓடுவது இயல்பு. ஆயினும் திரையில் இருப்பவர் உங்களை அறியார். உங்கள் முகம் வாடியதைக் கண்டு பேச்சின் வேகத்தைக் குறைக்க அவரால் இயலாது. பாடம் நடத்தலாம்; பக்கத்தில் அமர இயலாது. மனிதரால் பட்ட காயம் மனித உறவில்தான் ஆறுகிறது என்பதை ஹெர்மன் அம்மையாரும் வலியுறுத்துகிறார். முதலில் பாதுகாப்பு, பின்னர் நினைவுகூர்ந்து அழுதல், அதன்பின் மீண்டும் மக்களோடு சேர்தல் என்பது அவர் காட்டும் படிமுறை. இம்மூன்றில் இரண்டாவதை மட்டும் இரவுதோறும் தனியே செய்துகொண்டிருப்பது ஆபத்து.

இனி, ஆசான்மாரை எடைபோடுவது பற்றி ஒரு சொல். நல்லவரும் இருக்கின்றனர், வணிகரும் இருக்கின்றனர். 'இது எனக்குத் தெரியாது, மருத்துவரைப் பாருங்கள்' என்று இடையிடையே சொல்பவரை நான் நம்புவேன். எல்லாருக்கும் ஒரே தீர்ப்பாக, 'பெற்றோரை அறுத்தெறி' என்பவரையும், எல்லாருக்கும் ஒரே தீர்ப்பாக, 'மன்னித்துவிடு, மறந்துவிடு' என்பவரையும் ஒரே அளவில் ஐயுறுவேன். அழவைத்த கையோடு கட்டண வகுப்புக்கு அழைப்பவரும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரும் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் வேண்டாம்.

நல்ல ஆசான் தவறினால் என் செய்வது? இதற்கு ஆலிஸ் மில்லர் அம்மையாரின் வாழ்வைவிடத் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1923-இல் போலந்து நாட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகளின் ஆட்சியில் பொய்ப்பெயரில் மறைந்து வாழ்ந்து உயிர் பிழைத்தவர். போருக்குப்பின் சுவிட்சர்லாந்தில் குடியேறி, உளப்பகுப்பாய்வாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். 1979-இலும் அடுத்த ஈராண்டுகளிலும் வெளிவந்த அவருடைய மூன்று நூல்கள், பெற்றோரின் விருப்பத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் குழந்தையின் துயரை உலகறியச் செய்தன. இன்று திரையில் பேசும் ஆசான்மார் பலர், அறிந்தோ அறியாமலோ அவர் வழியில் பேசுவோரே. தம் இறுதி ஆண்டுகளில் வாசகர் மடல்களுக்கு இணையத்தின் வாயிலாகவே மறுமொழி எழுதினார். அவரைத் தம் உண்மைத் தாயாகவே கருதியோர் பல நாடுகளிலும் இருந்தனர்.

2004-இல் வந்த நூலில் அவர் நம் நான்காம் கட்டளையையே எதிர்த்தார். பெற்றோரை மதிக்க வேண்டுமென்னும் கட்டாயம், வதைபட்டவரின் உடலையே நோயில் தள்ளுகிறது என்பது அவர் வாதம். படித்தபோது எனக்குச் சினம் மூண்டது. நூலை மூடிவிட்டு மறுநாள்தான் திறந்தேன். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் சுட்டும் காயம் உண்மை. கட்டளை தாய்தந்தையரை மதிக்கச் சொல்கிறது. வதையை அன்பென்று அழைக்கச் சொல்லவில்லை. புனித பவுல் கொலோசையர்க்கு எழுதிய திருமுகத்தில் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே, பிள்ளைகள் மனந்தளரும்படி அவர்களை எரிச்சலூட்டலாகாது எனத் தந்தையர்க்கும் சொல்லிவைத்தார். முதற்பாதியைப் பீடத்திலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மறுபாதி அவ்வளவாக ஒலிப்பதில்லை.

மில்லர் அம்மையார் 2010-இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து அவர் மகன் மார்ட்டின், தாமும் ஓர் உளமருத்துவர், ஒரு நூல் வெளியிட்டார். தந்தை தம்மை அடித்ததையும், தாய் தடுக்காததையும், தமக்கு விளங்காத போலிய மொழியில் பெற்றோர் தமக்குள் பேசிக்கொண்டதால் சொந்த வீட்டிலேயே அயலானாய் வளர்ந்ததையும் அதில் எழுதினார். உலகக் குழந்தைகளுக்கெல்லாம் வழக்கறிஞராய் நின்றவர் தம் குழந்தைக்காக நிற்கவில்லை! இதைக் கேள்வியுற்ற அவருடைய வாசகர் பலர்க்கு மீண்டும் ஒருமுறை அன்னையை இழந்தது போலிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மகனோ தாயின் நூல்களைத் தீயிலிடவில்லை. அவற்றின் கருத்துகள் மதிப்புள்ளவை என்றே கொண்டார். போரில் மறைந்து வாழ்ந்த அச்சத்தைத் தாய் ஒருநாளும் வாய்விட்டுப் பேசித் தீர்க்காததே வீட்டின் இருளுக்கு வேர் என்று ஆராய்ந்தார். தாய் வேறு, தாய் கற்பித்த உண்மை வேறு என்று பிரித்துப் பார்க்க, எல்லாரினும் அதிகமாகக் காயம்பட்ட அவராலேயே முடிந்தது.

ஆகவே, சகோதரி, அந்த ஆசானிடம் கற்ற நல்லவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. கேட்பதாயின் பகலில், அமர்ந்து, கையில் குறிப்பேட்டோடு, நாளுக்கு ஒன்றுக்கு மேற்படாமல் கேளுங்கள். உறங்குவதற்கு வேறு துணை தேடிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டாயினும் ஆகட்டும். நள்ளிரவில் எழுதி அனுப்பிய அந்த நீண்ட மடலின் படி உங்களிடம் இருக்குமல்லவா? அதை அழித்துவிடாதீர்கள். உளநல ஆலோசகரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். பெயரை மாற்றிப் படித்தால், அது உங்கள் தாய்க்கு எழுதிய மடல் என்பது விளங்கக்கூடும்.

கணவன்மார்க்கும் ஒன்று சொல்லவேண்டும். இச்சகோதரியின் கணவர், மனைவி அழுவதைக் காணப்பொறாது மும்முறை கைப்பேசியைப் பிடுங்கி ஒளித்துவைத்தாராம். அன்பினால் செய்ததே, ஆயினும் பிடுங்கும் கை, அடிபட்டு வளர்ந்தவர்க்கு வேறொரு கையாகத் தோன்றும். அதற்கு மாறாக அருகில் அமர்ந்து, "இன்றைக்கு என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு வாரம் அப்படிக் கேட்டால், திரைக்குப் போகும் பேச்சில் பாதி வீட்டுக்கே திரும்பிவிடும். வெளியே உதவி தேடுவது எப்படியென்று அறியாதோர்க்கு: 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416, தமிழிலும் பேசலாம். இன்றே ஏதேனும் ஓர் இல்லத்தில் குழந்தையொன்று அடிபடுவதை நீங்கள் அறிவீர்களாயின், அதற்குரிய எண் 1098.